என் கால் வளரவில்லை என்பதற்குச் சான்று

ஒவ்வொரு மார்ச் மாதமும் என் வலது கால் வளர்ந்துவிடவில்லை என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. முழங்காலுக்குக் கீழே அந்தக் கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டையும் தோல் வாரும் சேர்ந்த காலிபரை மாட்டிக்கொண்டு, கையில் தடியோடு நடப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில், காளவாசலில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். வீடு ஆற்றுக்கு அக்கரையில். ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். என் போன்றவர்கள் வேலைக்குப் போய்வர அரசு பஸ்ஸில் இலவச பாஸ் உண்டு. மார்ச் முடிந்தால் பாஸும் முடிந்துவிடும்.

அதைப் புதுப்பிக்க முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சான்று தருவதற்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றால் பதினொரு மணிக்கு உள்ளே போகலாம். மருத்துவர் தலை நிமிராமல் "எந்தக் கால்?" என்பார். "வலது" என்பேன். "ஊனம் தொடர்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளோடு நலத்துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஊனமுற்றோர் பிரிவு அங்கே மாடியில் இருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மாடியில்தான் இருந்தது. இருபத்திரண்டு படிகள். நடுவில் ஒரு திருப்பம். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஏறும்போது என் வலுவில்லாத பக்கம்.

ஐந்து வருடம் ஏறி இறங்கினேன். ஒரு வார்த்தை பேசாமல் ஏறி இறங்கினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆறாவது வருடம் மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ரப்பர் முத்திரை வைக்க மறந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை. மாடியில் இருந்த எழுத்தர் தாளைத் திருப்பித் தந்தார்.

"சீல் இல்லையே மேடம். வாங்கிட்டு வந்துருங்க."

மறுபடி மருத்துவரைப் பார்க்க ஒரு வாரம் ஆகும். இறங்கி வரும்போது திருப்பத்தில் கால் மறுத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்தேன். எனக்கு முன்பே அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையின் வலது கை முழங்கையோடு மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. தாள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தார். பையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு என்ன இல்லைன்டாய்ங்க?"

"சீல் இல்லையாம்ண்ணே. உங்களுக்கு?"

"போட்டோவுல கை சரியாத் தெரியலையாம்."

அவர் திருவாதவூர்க்காரர். கதிரடிக்கும் மெஷினின் பெல்ட்டில் கை போய்விட்டது. ஒரு கையால் என்ன வேலை செய்ய முடியுமோ அதைத் தேடி, தினமும் மதுரைக்கு வந்து ஒரு குடோனில் காவல் பார்க்கிறார். இல்லாத கையைப் போட்டோவில் எப்படிக் காட்டுவது என்று யாரையும் திட்டாமல் கேட்டார்.

"ஆறு வருசமா வாரேன் தங்கச்சி. ஒவ்வொரு வருசமும் சட்டையக் கழட்டச் சொல்றாய்ங்க. ஒரு வெரலுகூட மொளைக்கல. மொளைச்சா நானே வந்து சொல்ல மாட்டேனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் அந்தப் படியில் உட்கார்ந்து, மேலே ஏறுகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சிரிப்பு நின்றபோது கோபம்தான் மிஞ்சியிருந்தது. அவ்வளவு கோபம் எனக்கு அதுவரை வந்ததில்லை. தடியை ஊன்றி எழுந்தேன். இறங்கிய பதினொரு படிகளையும் திரும்ப ஏறினேன்.

எழுத்தர் என் வயதுப் பெண். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். ஒருமுறை அவர் போனில் அம்மாவிடம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலில் இருந்த குழைவு எங்களிடம் பேசும்போது இருக்காது.

"ஒரே ஒரு கேள்வி மேடம். வருசா வருசம் சான்று வேணும்னு எந்த ஆர்டர்ல இருக்கு?"

"ஃபாரத்துலயே போட்ருக்கே." விரலால் காட்டினார். அடியில் பொடி எழுத்தில், 'இச்சான்று ஓராண்டு காலத்திற்கு மட்டுமே செல்லத்தக்கது.'

"ஃபாரம் எந்த ஆர்டர்படி அடிச்சது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இந்த சீட்டுக்கு வந்து ஒம்பது வருசம் ஆகுது. எனக்கு முன்னாடி இருந்தே இப்படித்தான். இதை யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்குறேன்."

"கேளுங்க. சீல் வாங்கிட்டு வந்து கேளுங்க."

நான் முத்திரை வாங்கப் போகவில்லை. இனி எப்போதும் போவதில்லை என்று அன்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் அம்மா பயந்தாள். அவள் மிஷன் பள்ளியில் இருபது வருடம் வேலை பார்த்தவள். மேலிடத்துக் கடிதம் என்றாலே கைகழுவிவிட்டுத் தொடுகிறவள்.

"மொத்தமா நிறுத்திட்டாங்கன்னா என்னடி செய்வ?"

"ஏன் நிறுத்துனீங்கன்னு கேப்பேன்."

"கேட்டா?"

"பதில் வர்ற வரைக்கும் கேப்பேன்."

திங்கட்கிழமைகளில் மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் பொதுமக்களிடம் மனு வாங்குவார்கள். ஒரு பக்கத்துக்கு மனு அடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். நிரந்தர ஊனத்துக்கு ஆண்டுதோறும் சான்று கேட்பது எந்த ஆணைப்படி, அந்தச் சான்றை வாங்கி என்ன செய்கிறீர்கள், பிரிவு ஏன் மாடியில் இருக்கிறது என்று மூன்று கேள்விகள். ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கையை ஏற்க விதிகளில் இடமில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.' நான் கோரிக்கையே வைக்கவில்லை, கேள்விதான் கேட்டிருந்தேன். பதில் வந்த இடத்தைப் பார்த்தேன். அதே நலத்துறை அலுவலகம். மேலே கொடுத்த மனு மேசை மேசையாக இறங்கி, யாரைப் பற்றிக் கேட்டேனோ அவர்கள் கைக்கே வந்து, அவர்களே பதில் எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது மனுவில் ஒரே ஒரு வரி. 'எந்த விதி? எண்ணும் நாளும் தெரிவிக்கவும்.' பதில் இல்லை. அடுத்த திங்கட்கிழமை அதே வரி. அதற்கடுத்த திங்கட்கிழமையும் அதே வரி. மனு வாங்கிப் பதிகிறவர், "டீச்சர், இந்த வாரமும் அதேதானா?" என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டார். அதேதான் என்பேன்.

இன்ஸ்டிட்யூட்டில் முதல் நிலையான லோயர் தேர்வுக்குப் பயிற்சியாகக் கொடுப்பதும் இப்படிப்பட்ட அலுவலகக் கடிதங்கள்தான். புத்தகத்தில் இருந்தவை அலுத்துப்போயிருந்தன. என் மனுவையே பயிற்சியாகக் கொடுத்தேன். இன்ஸ்டிட்யூட் உரிமையாளர் ஒருநாள் தாளை உருவிப் படித்துவிட்டு முகம் சிவந்து வந்தார்.

"என்னம்மா இது? எம்மெஷின்ல அரசாங்கத்த எதுத்து அடிக்கச் சொல்றியா?"

"மார்ஜின் சரியா இருக்கா பாருங்க சார்."

பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. தாளை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிழையில்லாமல் அடித்த பிரதிகளைத் திருவாதவூர்க்காரரிடம் கொடுத்தேன். அவர் பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் ஆட்களைப் பார்த்துப் பேசி, பெயர் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை பதினான்கு பேர் வந்தோம். ஆளுக்கொரு மனு, எல்லாவற்றிலும் அதே கேள்வி.

இதற்கிடையே ஏப்ரல் தொடங்கி என் பாஸ் காலாவதியாகியிருந்தது. டிக்கெட் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எடுத்தால் அவர்கள் சொன்னதை நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். பழைய பாஸை நீட்டினேன். என் தடத்து நடத்துநர்களுக்கு என்னைத் தெரியும். சிலர் தேதியைப் பார்க்காத மாதிரி திருப்பித் தந்தார்கள். ஒருவர் மட்டும், "இன்னைக்குச் சரி டீச்சர், செக்கிங் வந்தா எனக்குத்தான் மெமோ" என்றார். "வந்தா எம்பேரச் சொல்லுங்க" என்றேன்.

ஜூன் மாதம் ஒரு காலை ஆரப்பாளையத்தில் பரிசோதகர் ஏறினார். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூன்று பேனா. என் பாஸைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"முடிஞ்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா."

"பாஸ் முடிஞ்சிருச்சு சார். ஊனம் முடியல."

பஸ் நின்றுகொண்டிருந்தது. பின்னால் இருந்து ஒருவர், "ஏம்மா, ஒரு டிக்கெட்ட எடுத்துட்டுப் போகவேண்டியதுதான? எங்களுக்கு வேலைக்கு நேரமாகுதுல்ல" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் யாரோ மேலாளர் காத்திருந்திருப்பார். பரிசோதகர் இறங்கச் சொன்னார், இறங்கினேன். பஸ் ஸ்டாண்டின் நேரக் காப்பாளர் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு நாற்காலி போட்டார். அபராதப் புத்தகத்தைத் திறந்தார்.

நான் குனிந்து காலிபரின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கழற்றி அவர் மேசை மேல் வைத்தேன். இரும்பு மோதிய சத்தத்தில் நேரக் காப்பாளர் எழுந்துவிட்டார். சேலையை முழங்கால் வரை தூக்கினேன். அந்நிய ஆண்கள் முன்னால் நான் அதுவரை செய்யாத காரியம் அது. உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் ஒரு தடவகூட இதைப் பாக்கல சார். நீங்க நல்லாப் பாருங்க. அடுத்த மார்ச்சுக்குள்ள இது சரியாகுமா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மாட்டிக்கங்கம்மா. எனக்கும் பொம்பளப்புள்ள இருக்கு."

"இரக்கப்பட வேணாம் சார். என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்க. ரிப்போர்ட்டா எழுதுங்க."

வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு அபராதப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். அழகான கையெழுத்து. பயணியின் பாஸ் காலாவதியானது. பயணியின் வலது காலில் உள்ள ஊனம் நிரந்தரமானது எனத் தெரிகிறது. ஆண்டுதோறும் சான்று கோரும் தேவை குறித்து உரிய அலுவலகம் விளக்கம் அளிக்கலாம். எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார்.

"கடைசி வரி நானாச் சேத்தது. போன மாசம் கண்ணு தெரியாதவரு ஒருத்தர எறக்கிவிட்டேன். அன்னைக்கு வீட்ல சோறு எறங்கல."

அடுத்த பஸ் வந்ததும் அவரே வந்து நடத்துநரிடம், "இவங்க கேஸ் பரிசீலனையில இருக்கு" என்றார். எந்தச் சட்டத்திலும் இல்லாத அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அன்று காளவாசல் போனேன். அதற்குப் பிறகும் பல நாள் போனேன்.

என் மனுக்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடிந்தது. பரிசோதகர், ஓர் அரசு ஊழியர், நலத்துறைக்கு எழுதி அனுப்பிய கடிதத்துக்கு அப்படி இருக்க முடியவில்லை. மூன்றாம் வாரம் விசாரணைக்கு வரும்படி, மனுக் கொடுத்த பதினான்கு பேர் சார்பில் எனக்கும் திருவாதவூர்க்காரருக்கும் கடிதம் வந்தது. நலத்துறை அலுவலகத்துக்கு அப்போதுதான் புதிய அதிகாரி வந்திருந்தார். இருவரும் போனோம். படியின் அடியில் நான் நின்றுவிட்டேன்.

"நான் ஏறப் போறதில்லண்ணே."

"அப்ப நானும் ஏறல" என்றார். அவருக்குக் கால்கள் நன்றாக இருந்தன.

வாசலில் இருந்த அலுவலக உதவியாளரிடம், அதிகாரியைக் கீழே வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் போய் எப்படிம்மா சொல்றது?" "நான் சொன்னேன்னு சொல்லுங்க." கால்மணி நேரம் யாரும் வரவில்லை. மேலே சன்னலில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போயின. திருவாதவூர்க்காரர், "போச்சு, பாஸு போனதுதான்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அதிகாரி இறங்கி வந்தார். பின்னால் அந்த எழுத்தர், நெஞ்சோடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு வந்தார்.

சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சு கிடந்தது. விசாரணை அங்கேதான் நடந்தது.

"அந்த ஆர்டர் இருக்கா?" என்று அதிகாரி எழுத்தரிடம் கேட்டார்.

"இருக்கு சார். பழைய ரெக்கார்டு ரூம்ல மூணு நாள் தேடி எடுத்தேன்."

கார்பன் தாளில் அடித்த, ஓரம் பொடிந்த இரண்டு பக்கங்கள். முதல் பத்தி, விபத்தாலோ நோயாலோ வந்து குணமாகக்கூடிய ஊனத்துக்குச் சான்று ஓராண்டு செல்லும் என்றது. இரண்டாவது பத்தி, நிரந்தர ஊனத்துக்கு ஒருமுறை பெற்ற சான்றே போதும், மீண்டும் கேட்கக் கூடாது என்றது. 'கேட்கக் கூடாது' என்று அப்படியே இருந்தது. எப்போதோ யாரோ படிவம் அச்சடித்தபோது முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஆணையை யாரும் திறக்கவில்லை. படிவமே ஆணையாகிவிட்டது.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "யார் விட்டது இதை?"

"தெரியல சார்," என்றார் எழுத்தர். "ஆனா ஒம்பது வருசமா இவங்ககிட்டச் சொன்னது நான். இதை ஃபைல்ல வைக்க வேணாம்னு மேல சொன்னாங்க. வச்சுட்டேன். குறிப்பும் எழுதிட்டேன், ஃபாரம் ஆர்டருக்கு விரோதமா இருக்குன்னு."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். மாடிப்படியில் ஏறி இறங்கிய வருடங்களில் என்னோடு சண்டைக்கு நிற்பவராகவே அவரை நினைத்திருந்தேன். என்னைவிடப் பெரிய காரியத்தை அவர் செய்திருந்தார். எனக்கு இழக்க ஒரு பாஸ்தான் இருந்தது.

"சின்னத் தப்புதான், சரி பண்ணிரலாம்" என்றார் அதிகாரி.

"சின்னத் தப்பு இல்ல சார்," என்றேன். "வருசத்துக்கு நாலு நாள் லீவு. ஆஸ்பத்திரி வரிசை. இந்தப் படி. இது எல்லாருக்கும், இத்தனை வருசம். சின்னதுன்னு சொன்னா நான் இங்கேயேதான் உக்காந்திருப்பேன்."

திருவாதவூர்க்காரர் பெஞ்சை விட்டு எழுந்தார். அவரும் ஒன்று கேட்டார்.

"அம்புட்டு வருசம் நாங்க சட்டையக் கழட்டுனதுக்கு யாரு சார் பதில் சொல்றது?"

அதிகாரி பேனாவை எடுத்து, படிவத்தின் அடியில் இருந்த அந்த வரியை அடித்துக் கையெழுத்திட்டார். இனி இப்படித்தான் என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு எங்களுக்கு வணக்கம் சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்களும் நன்றி சொல்லவில்லை.

பழைய சான்றை வைத்தே எங்கள் பாஸ்களைப் புதுப்பித்துத் தந்தார்கள். புதிய படிவம் அச்சாகிவர மாதக்கணக்கில் ஆயிற்று. அதுவரை எழுத்தர் ஒவ்வொரு படிவத்திலும் அந்த வரியைச் சிவப்பு மையால் தானே அடித்துக் கொடுத்தார். புதன்கிழமைகளில் மட்டும் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையில் உட்காரவும் செய்தார். வருடம் முடிவதற்குள் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். நிர்வாகக் காரணம் என்று ஆணையில் போட்டிருந்ததாம். பிரிவு இன்னும் மாடியில்தான் இருந்தது. அதற்கான மனுக்களை நான் நிறுத்தவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு, அலுவலகங்களில் கணினி வரத் தொடங்கிய காலத்தில், நிர்வாகச் சீர்திருத்தம் பற்றி ஒரு கூட்டம் போட்டு என்னையும் அழைத்தார்கள். குளிரூட்டிய மண்டபம். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை தந்தார்கள். என் பெயருக்குக் கீழே 'பயனாளி' என்று அச்சிட்டிருந்தது. அதை அடித்துவிட்டு 'டைப்ரைட்டிங் ஆசிரியை' என்று எழுதிக் குத்திக்கொண்டேன். பேச மூன்று நிமிடம் தந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும், இனி விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிவிடுவோம், எல்லாம் வேகமாகிவிடும் என்றார்கள்.

"தப்பான கேள்விய வேகமாக் கேட்டா அது நல்ல கேள்வி ஆயிருமா?" என்று தொடங்கினேன். "கணினியில ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. ஃபாரத்துல உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல, எந்த ஆர்டர்படி கேக்குறீங்க, பதில வச்சு என்ன செய்வீங்கன்னு எழுதுங்க. எழுத முடியாததை அடிங்க." மணி அடித்தார்கள். நான் உட்காரவில்லை. இன்னும் எட்டு நிமிடம் பேசினேன்.

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு இளம் அதிகாரி ஒரு படிவத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உதவித்தொகைக்கான விண்ணப்பம், முப்பத்தொரு கேள்விகள். பென்சிலை என்னிடம் நீட்டினார். தயிர்சாதத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வரிசையாகப் பார்த்தோம். பிறந்த இடம் எதற்கு? அவருக்குத் தெரியவில்லை. அடித்தோம். கணவரின் தொழில்? அடித்தோம். உடலில் அடையாள மச்சங்கள்? அவரே சிரித்துக்கொண்டு அடித்தார். பன்னிரண்டு போனபோது பென்சிலைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு மேல அடிச்சா ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

"யாரு?"

"மேல."

"அவங்க பேரையும் ஃபோன் நம்பரையும் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்" என்றேன். அவர் தயங்கிவிட்டு ஒரு பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை காலை, வகுப்பு தொடங்கும் முன், அந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.